நாய்க்குட்டிக்கும் பள்ளி வயது உண்டு

"குட்டிதானே, வளரட்டும், பிறகு பழக்கலாம்." காஹாங் வட்டாரத்துத் தோட்டப்புறங்களில் நாய் வளர்ப்போர் பலர் கூறுவது இது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் நாம், நாயின் பருவத்தையும் ஆண்டுகளால் எண்ணிவிடுகிறோம். அதற்கு வாரக் கணக்கு! பிறந்த 3ஆம் வாரம் முதல் ஏறத்தாழ 14ஆம் வாரம் வரையில்தான் குட்டியானது புதிய மனிதரையும் மோட்டார் சைக்கிளையும் சீருடைப் பிள்ளைகளையும் எளிதில் ஏற்றுக்கொள்ளும். அப்பருவம் முழுவதும் வீட்டின் பின்புறம் சங்கிலியில் கிடந்த குட்டி, பின்னாளில் புத்தகப்பையைக் கண்டாலே சீறுவதில் வியப்பென்ன? அச்சீற்றம் பெரும்பாலும் அச்சமே.

தடுப்பூசிகள் முடியட்டும் என்று காத்திருப்போரும் உளர். முதல் ஊசிக்குப் பின் கையில் ஏந்தியபடியே வெளியுலகைக் காட்டலாம். தெருநாய்கள் திரியும் இடத்தில் மட்டும் இறக்கிவிட வேண்டா. உணவு வைக்குமுன் அமரச் செய்தல், கையைக் கடித்தால் விளையாட்டை நிறுத்துதல் ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் போதும். பிரம்பு வேண்டா, அது அச்சத்தையே வளர்க்கும். (ஆசிரியர் சொல்வதால் சிரிக்காதீர்கள்!)

வளர்ந்த நாயும் கற்கும்தான். எனினும் ஊன்றிய அச்சத்தை நீக்க மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் கடிபடுவது ஒரு பிள்ளையாக இருக்கக்கூடும். 2017இல் சரவாக், செரியான் வட்டாரத்தில் வெறிநாய்க்கடி நோய்க்கு முதலில் பலியானோர் சிறு பிள்ளைகளே.

ஆசிரியர்களே, எந்த மாணவர் வீட்டிற்குப் புதிய குட்டி வந்துள்ளது என்று நாளையே வகுப்பில் கேட்டுப் பாருங்கள்.