தூக்கத்தில் ஆக்சிஜன் அளக்கும் மோதிரம்: தோட்டத்தில் இருக்கும் அப்பாவுக்கு வாங்கலாமா?

நீங்கள் கோலாலம்பூரில் வேலை செய்றீங்க. அப்பா அம்மா சிலியாவ், ரந்தாவ் இல்லைன்னா பகாவ் பக்கம் ஒரு தோட்டத்தில். "அப்பா பயங்கரமா குறட்டை விடுறாருமா, நடுவுல மூச்சே நின்ன மாதிரி இருக்கு"ன்னு அம்மா போனில் சொல்றாங்க. அடுத்த ஐந்தாவது நிமிடம் ஷாப்பியில் தேடுறீங்க. விரலில் மாட்டும் கிளிப், மோதிரம், கைக்கடிகாரம் என்று வரிசையாக வருகிறது. விலை சில பத்து ரிங்கிட்டில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டுகிறது. எல்லாவற்றிலும் ஒரே வாக்குறுதி: இரவு முழுக்க ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனைக் கண்காணிக்கும்.

எதை வாங்குவது என்று பார்ப்பதற்கு முன், அந்த எண் எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். ஏன்னா நம்ம தோல் நிறத்துக்கும் அதுக்கும் நேரடித் தொடர்பு இருக்கு.

1970-களில் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி கண்டுபிடித்த முறைதான் இன்றும் அடிப்படை. சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் விரலுக்குள் பாய்கின்றன. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் ஒரு விதமாகவும், ஏறாத ரத்தம் வேறு விதமாகவும் அந்த ஒளியை உறிஞ்சும். அந்த வித்தியாசத்தை வைத்துக் கருவி ஒரு சதவீதத்தைக் கணக்கிடுகிறது. ஆக, அது ரத்தத்தை நேரடியாகச் சோதிப்பதில்லை. ஒளியை வைத்து ஊகிக்கிறது. நடுவில் இருப்பது தோல்.

2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஒரு ஆய்வு மருத்துவ உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. ரத்தப் பரிசோதனையில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தும், கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளை மிச்சிகன் ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவரிடம் இந்தத் தவறு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். அது அமெரிக்க நோயாளிகளைப் பற்றிய ஆய்வு. ஆனால் தோலின் நிறமி ஒளியை உறிஞ்சுவதற்கு நாட்டு எல்லை கிடையாது. வெயிலில் முப்பது வருஷம் செம்பனைக் குலை வெட்டிய ஒருவருக்கு, கருவி உண்மையைவிடக் கொஞ்சம் நல்ல செய்தியாகச் சொல்லக்கூடும்.

அமெரிக்காவின் எஃப்டிஏ, தான் அனுமதித்த கருவிகளைப் பற்றியே என்ன சொல்கிறது தெரியுமா? திரையில் 90 என்று காட்டினால், உண்மை அளவு பொதுவாக 86 முதல் 94-க்குள் எங்கேயும் இருக்கலாம். முன்பு ஒரு கருவியைச் சோதிக்கப் பத்துப் பேர் போதும், அவர்களில் இரண்டு பேர் கருமை நிறத்தவராக இருந்தால் போதும் என்பது வழிகாட்டி. 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவில், பல நிறத்தவர் அடங்கிய 150 பேர் வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். இன்று கடையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை பழைய கணக்கில் வந்தவை.

அதனால் வாங்கவே வேண்டாமா? அப்படி இல்லை. ஒரு எண்ணை நம்பாதீங்க, இரவு முழுவதுக்குமான கோட்டைப் பாருங்க. கருவி எப்போதும் மூன்று புள்ளி கூட்டிக் காட்டினாலும், ஏறி இறங்கும் வடிவம் ஓரளவு தெரிந்துவிடும். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்கும் நோயில், அதாவது ஸ்லீப் அப்னியாவில், கோடு ரம்பப் பல் மாதிரி விழுந்து விழுந்து ஏறும். நுரையீரல் நோயில் அது பெரும்பாலும் கீழேயே தங்கி ஓடும். மணிக்கு எத்தனை முறை 3 அல்லது 4 சதவீதம் விழுந்தது என்ற எண்ணிக்கைதான் மருத்துவருக்குப் பயன்படும்.

இதை வைத்தே கருவியைத் தேர்வு செய்யலாம். சில வினாடிக்கு ஒருமுறை தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும், அந்தப் பதிவைத் தன்னுள்ளேயே சேமிக்க வேண்டும், காலையில் பிடிஎஃப் அறிக்கையாக அனுப்ப வேண்டும். தோட்டத்து வீட்டில் லைன் கிடைக்காத இரவுகளும் உண்டு, அதனால் கைப்பேசி இணைப்பு இல்லாமலும் ஓடுகிறதா என்று கேளுங்கள். சாதாரண விரல் கிளிப் பகலில் அவ்வப்போது பார்க்க நல்லது, இரவில் புரண்டு படுத்தால் கழன்றுவிடும். மோதிர வகை பரவாயில்லை. ஆனால் விரலின் அடியில் காய்ப்புக் காய்த்த கையில் சிக்னல் பலவீனமாகலாம். அதிகம் வேலை செய்யாத கையில், விரல் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். அளவு சரியில்லை என்றால் திருப்பிக் கொடுக்க முடியுமா என்பதும் முக்கியம்.

கைக்கடிகாரம்? மணிக்கட்டில் ஒளி ஊடுருவிப் போவதில்லை, தோலில் பட்டுத் திரும்பி வருவதைத்தான் அளக்கிறது. அதனால் துல்லியம் இன்னும் கடினம். ஆப்பிள் நிறுவனமே தன் ஆக்சிஜன் செயலி மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்கிறது. 2024 செப்டம்பரில் எஃப்டிஏ அனுமதித்த அதன் ஸ்லீப் அப்னியா எச்சரிக்கை, ஆக்சிஜனை அல்ல, மணிக்கட்டின் நுண் அசைவுகளைத்தான் பார்க்கிறது. விளம்பரத்தைப் பார்த்தால் இது யாருக்கும் புரியாது!

மலேசியாவில் மருத்துவக் கருவிகளை விற்க 2012-ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டத்தின் கீழ் எம்டிஏ பதிவு வேண்டும். விற்பனையாளரிடம் பதிவு எண் கேளுங்கள், எம்டிஏ இணையப் பட்டியலில் தேடுங்கள். "இது வெல்னஸ் பொருள்தான்"னு பதில் வந்தால், மருத்துவ முடிவுக்கு அது ஆகாது என்று அவர்களே ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம்.

இதில் தோட்டத்துக்கே உரிய ஒரு விஷயமும் இருக்கு. பாராகுவாட் களைக்கொல்லி மலேசியாவில் 2020 ஜனவரி முதல்தான் முழுமையாகத் தடை. அதற்கு முன் பல வருடம் அதை அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், நம் பாட்டிகளும் அம்மாக்களும். தென்னாப்பிரிக்காவின் மேற்கு கேப் பண்ணைத் தொழிலாளர்களிடம் நடந்து 1999-இல் வெளியான ஆய்வு, நீண்ட நாள் பாராகுவாட் பழக்கத்துக்கும் கடும் உடற்பயிற்சியின்போது ரத்த ஆக்சிஜன் குறைவதற்கும் தொடர்பு கண்டது. ஓய்வில் எல்லாம் சரியாகத் தெரிந்தவர்கள் அவர்கள். ஆக, "குறட்டை அப்பாவுக்குத்தானே" என்று அம்மாவை விட்டுவிடாதீர்கள். படியேறும்போது மூச்சு வாங்குதா என்று கேளுங்கள். அதை இரவு மோதிரம் காட்டாது.

வேறு சில பொறிகளும் உண்டு. புகைப்பவர்களுக்குக் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் கலந்திருப்பதால், கருவி அதையும் ஆக்சிஜன் என்று எண்ணி ஏமாறும். ரத்தசோகை இருந்தாலும் 98 காட்டலாம், ஏனெனில் அது அளப்பது சதவீதம், ரத்தத்தின் அளவு அல்ல. ஒரு இரவு நல்ல கோடு வந்ததால் அப்னியா இல்லை என்றும் ஆகாது. ஆக்சிஜன் அதிகம் விழாமலே தூக்கம் கலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

என் அனுபவத்தில் பெரிய பிரச்சினை அதிர்வு அலாரம். என் மாமாவுக்கு வாங்கிக் கொடுத்ததில் இரவு முழுக்க அலறியது, மூன்றாம் நாள் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். காலை பெரட்டுக்கு எழுந்து பழகிய ஆளுக்குத் தூக்கம்தானே சொத்து. பதிவு மட்டும் போதும் என்றால் அலாரத்தை அணைத்துவிடலாம். அலாரம் எழுப்பிவிடுவது சிகிச்சை ஆகாது.

இரண்டு மூன்று இரவுப் பதிவை எடுத்துக்கொண்டு பக்கத்து அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட். பகலில் தூக்கம் வருதா, பிரஷர் மருந்து சாப்பிடுறாரா, லாரி ஓட்டுறாரா என்பதையும் சொல்லுங்கள். அங்கிருந்து தேவைப்பட்டால் பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கொடுப்பார்கள். உண்மையான தூக்கப் பரிசோதனை அங்கேதான்.

விழித்து உட்கார்ந்திருக்கும்போதே எண் 92-க்குக் கீழே இருந்து, மூச்சும் திணறினால் காலை வரை காத்திருக்க வேண்டாம், 999. எண் நன்றாக இருந்தும் ஆள் திணறினாலும் அதே 999. கருமை நிறத்தில் நீலம் பாய்வது சட்டென்று தெரியாது, உதட்டின் உள்பக்கத்தையும் நாக்கையும் பாருங்கள்.