புகை மூட்டியது யார்?

‘ஈயச் சுரங்கம்’ என்று வானொலியில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஈப்போவிலிருந்து ஒரு நேயராவது அழைத்துவிடுவார். நமக்கு ஈயம் என்றாலே வெள்ளீயம்தான். போன வாரம் நான் சொல்ல வந்ததோ காரீயம். நேரம் போதவில்லை, மிச்சக் கதை இங்கே.

இங்கிலாந்தின் டார்பிஷரில் ஷெல்டன் என்றொரு சிற்றூர். படிக்கிற காலத்தில் தோழிகளோடு போயிருந்தேன். ஊருக்கு வெளியே புல்வெளி. நடுவில் பாழடைந்த இயந்திரக் கூடம், புகைபோக்கி. மேக்பை சுரங்கம். படம் எடுக்க அழகான இடம் என்றுதான் (உண்மையைச் சொல்லிவிடுகிறேன்) போனோம்.

1830களில் இங்கே இரண்டு கூட்டத்தார் அருகருகே தோண்டினார்கள்: மேக்பைக்காரர்கள், ரெட் சாயில் சுரங்கத்துக்காரர்கள். அந்த வட்டார வழக்கப்படி அவர்களுக்கு உரிமை நிலத்தின் மேல் அல்ல, பாறைக்குள் ஓடும் ஈயப் படிவத்தின் மேல். தரையில் என்றால் வேலி போடலாம். அடியில் இரண்டு படிவங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டால்? ‘என் ஈயத்தை நீ எடுக்கிறாய்’ என்று இரு தரப்பும் மோதின. கடைசியில் சுரங்கத்துக்குள்ளேயே நெருப்பு மூட்டி, ஒருவரையொருவர் புகையால் விரட்டத் தொடங்கினார்கள்.

1833 செப்டம்பரில் மேக்பைக்காரர்கள் மூட்டிய நெருப்பில், ரெட் சாயில் தொழிலாளர் மூவர் மூச்சுத் திணறி இறந்தார்கள்.

மேக்பைக்காரர்கள் பலர் மீது கொலை வழக்கு. 1834 மார்ச்சில் டார்பியில் விசாரணை. அத்தனை பேரும் விடுதலை. கொல்லும் எண்ணம் இருந்ததென்று காட்ட முடியவில்லை. சாட்சிகள் முன்னுக்குப் பின் முரண். இருட்டில் மூட்டிய நெருப்பு யார் கையிலிருந்து வந்தது?

இறந்தவர்களின் மனைவிமார் சுரங்கத்துக்குச் சாபமிட்டதாக அங்கே இன்றும் சொல்கிறார்கள். பிறகு வந்த முதலாளிகளைப் பாடாய்ப் படுத்தியது என்னவோ தண்ணீர். அதை வெளியேற்ற ஒரு மைலுக்கும் நீளமான வடிகாலைக் குடைந்து, 1881இல் வை ஆற்றோடு சேர்த்தார்கள். அப்படியும் 1950களில் சுரங்கத்தை மூட வேண்டியதாயிற்று.

சாபத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் தீர்ப்பு வந்த பிறகு அந்தப் பெண்களிடம் வேறென்ன மிச்சம் இருந்தது? விடுதலையானவர்களும் அதே வட்டாரத்து ஆட்கள்தாம். மறுநாள் கடைத்தெருவில் எதிரே வந்தபோது, யார் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள்?