கிராங்கை அளக்காமல் இஞ்சினை மூடக் கூடாது

1977 வன்செயலின்போது மலையகத்திலிருந்து விரட்டப்பட்ட நம் மக்களில் ஒரு பகுதியினர் திருகோணமலைப் பக்கம் குடியேறினர். அவர்களின் பிள்ளைகளில் சிலர் இன்று கொட்பே துறைமுகத்தில் படகு வேலை செய்கிறார்கள். அவர்கள் அனுப்பும் காசை நம்பித் தோட்டத்து லயங்களிலும் அடுப்பு எரிகிறது. தோட்டத் தொழிலாளர் பத்திரிகையில் படகு இஞ்சின் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே நம் பதில்.

இஞ்சினைக் கழற்றினால் வரும் வாக்குவாதம் ஒன்றுதான்: தேய்ந்த கிராங்கைக் கிரைண்ட் பண்ணுவதா, புதுப் பெயாரிங் மட்டும் போட்டு ஓட்டுவதா? 2022இல் ரூபா சரிந்த பிறகு உதிரிப்பாகம் விற்கும் விலை நமக்கும் தெரியும். "இந்தச் சீசன் ஓடட்டும்" என்கிறார் முதலாளி. அது அவர் கணக்கு.

கண்ணால் பார்த்து முடிவு சொல்லக் கூடாது என்பது நம் கருத்து. பெயாரிங் உட்காரும் ஒவ்வோர் இடத்தையும் மைக்ரோமீற்றரால் குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு ஓரத்திலும் அளக்க வேண்டும். தேய்மானம் இஞ்சின் புத்தகம் சொல்லும் எல்லைக்குள் இருந்தால் கிரைண்ட் பண்ணுவது வீண் செலவு. வட்டம் கோணியிருந்தால் புதுப் பெயாரிங்கும் நிலைக்காது. ஒயில் அழுத்தம் இறங்கும், பெயாரிங் உருகிப் பிடிக்கும். வாடைக் காற்றில், கரை தெரியாத தூரத்தில் அது நடந்தால் படகில் இருப்பது முதலாளி அல்ல.

கிரைண்ட் பண்ணுவதென்றால் முதலில் வெடிப்புப் பாருங்கள். மண்ணெண்ணெய் பூசித் துடைத்துச் சோக்குத் தூள் தூவினால், வெடிப்புள்ள இடத்தில் ஈரக்கோடு கசியும். கோடு தெரிந்தால் அந்தக் கிராங்கைக் கைவிட வேண்டியதுதான். தெரியாவிட்டால் 0.25 மில்லிமீற்றர், போதாவிட்டால் 0.50 குறைக்கலாம். ஆனால் அந்தச் சைஸ் பெயாரிங் கைக்கு வந்த பிறகே கிராங்கைப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். கிரைண்ட் பண்ணிவிட்டுக் கடை கடையாக அலைந்த கதைகள் போதும். ஓரத்து வளைவைக் கூராக வெட்டிவிட்டால் கிராங்க் அங்கேயே முறியும். ஒயில் துவாரங்களில் தங்கும் அரைத்தூளைக் கழுவுவதையோ அவசரத்தில் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

டீசலும் ஐசும் கழித்த பிறகுதான் நமக்குப் பங்கு. படகு நின்ற நாளுக்குப் பங்கே இல்லை. அதனால் அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கடலுக்குப் போகிறவர்களிடமும் காட்டச் சொல்வது நம் உரிமை. இஞ்சினை மூடுமுன் அந்தத் தாளைக் கேளுங்கள், தோழர்களே. மறுத்தால் சங்கத்துக்குச் சொல்லுங்கள், பட்டறைக்கு நாமும் கூட வருகிறோம்.