வாப்பா சமைக்கும் அரேபிய இரவு

என் வாப்பா டுபாயில் ஒரு பெரிய ஹோட்டலின் சமையலறையில் 11 வருடங்களாக வேலை செய்கிறார். போன முறை லீவில் வந்தபோது, அங்கே வாரந்தோறும் நடக்கும் "அரேபிய இரவு" விருந்தின் பட்டியலைத் தொலைபேசியில் காட்டினார். ஹும்முஸ், தபூலே, ஷிஷ் தாவூக், கடைசியில் பெல்லி நடனம். அந்தக் கடைசி வரியை மட்டும் வாப்பா விரலால் மறைத்துக்கொண்டார்.

"இதில அந்த ஊர்ச் சாப்பாடு எது வாப்பா?"

"பேரீச்சம்பழம் மட்டும்தான் மகள்."

வாப்பா சொன்னதை முதலில் நான் நம்பவில்லை. பிறகு தேடி வாசித்தேன். ஹும்முஸும் தபூலேயும் லெபனான், சிரியாப் பக்கத்து உணவுகள். அந்த நடனம் எகிப்திலும் துருக்கியிலும் பேர் பெற்றது. டுபாய் மக்களின் சொந்த உணவு வேறு. கோதுமையையும் இறைச்சியையும் மணிக்கணக்காக வேகவைத்து அடித்து மசிக்கும் ஹரீஸ், மசாலாச் சோறான மச்பூஸ், பேரீச்சம்பாகு ஊற்றிய லுகைமாத். ஹரீஸ் சமைக்கும் கலையை யுனெஸ்கோ 2023இல் தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஹோட்டலின் பட்டியலில்தான் அதற்கு இடமில்லை.

காரணம் எளிது. பணம் கொடுப்பவர் ஏற்கெனவே படத்தில் பார்த்த அரேபியாவைத்தான் கேட்கிறார். ஹரீஸ் பார்வைக்கு நம் நோன்புக் கஞ்சி போலிருக்கும்; அதை யார் படம் எடுப்பார்கள்? வாப்பாவே அதை முதன்முதலில் சுவைத்தது ஹோட்டலில் அல்ல. நோன்பு காலத்தில் பள்ளிவாசலுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வந்த சட்டியில்.

எல்லா ஹோட்டல்களும் இப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. மச்பூஸ் வைக்கும் ஹோட்டல்களும் உண்டு. ஆனால் உணவைத் தட்டில் வைத்துவிடலாம். உபசரிப்பை எப்படி வைப்பது? கஹ்வாவைப் பாருங்கள். இடது கையில் தல்லா, வலது கையில் சின்னக் கோப்பை, கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும். கோப்பையை லேசாக ஆட்டினால் போதும் என்று பொருள். வாப்பாவின் ஹோட்டல் வரவேற்பறையிலும் கஹ்வா கொடுக்கிறார்கள். ஊற்றுபவர் ஒரு நேபாளப் பையன். ஆட்டுவதன் பொருளை அவனுக்கும் யாரும் சொல்லவில்லை, விருந்தினருக்கும் சொல்லவில்லை. அவனைக் குறை சொல்ல முடியாது. அந்த நாட்டு மக்கள்தொகையில் சொந்தக் குடிமக்கள் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஹோட்டல்களில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் எங்கள் வாப்பாமார்.

அதே நகரத்தின் பழைய அல் பஹீதி பகுதியில் ஷேக் முஹம்மத் கலாசாரப் புரிந்துணர்வு நிலையம் இருக்கிறது. அங்கே விருந்தினர்கள் தரையில் அமர்ந்து, அந்நாட்டவரோடு சாப்பிட்டு, நினைத்த கேள்வியைக் கேட்கலாம். ஐந்து நட்சத்திரம் எதுவும் அதற்கில்லை. வசதியிருந்து டுபாய்க்குச் சுற்றுலா போகும் குடும்பங்கள் ஒரு நாள் பகல் சாப்பாட்டையாவது அங்கே வைத்துக்கொள்ளலாம். நமக்கு அது புதிதாகவும் இருக்காது. ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்து வளர்ந்தவர்கள்தானே நாம்.

வாப்பா அடுத்த லீவில் எங்களுக்கு ஹரீஸ் ஆக்கித் தருவாராம். அடித்து மசிக்கப் பெரிய மர அகப்பை இருக்கிறதா என்று போன வாரம் உம்மாவிடம் கேட்டார்.