புதிய காரா, பழைய காரா?

சென்ற வாரம் எம் மருமகன் எமது வீட்டு விறாந்தையில் வந்தமர்ந்து, கைத்தொலைபேசியை எம் முகத்துக்கெதிரே நீட்டினான். அதிலே கருநீல நிறத்தில் ஒரு கார் மின்னிக்கொண்டிருந்தது. விரலால் ஒரு தள்ளுத் தள்ளினான். வெள்ளை நிறத்தில் இன்னொரு கார் வந்தது. இரண்டும் ஜெர்மனி தேசத்துப் பி.எம்.டபிள்யூ. கார்கள். முன்னையது கொழும்பிலே ஒருவர் எட்டு வருடமாக ஓட்டியது. பின்னையது தொழிற்சாலையிலிருந்து வந்து இன்னும் இருக்கையின் உறை கழற்றப்படாதது.

"மாமா, இதிலை எதை வாங்கலாம் எண்டு சொல்லுங்கோ" என்றான்.

கல்லூரியிலே இருபது வருடமாகச் சரித்திரம் கற்பிக்கும் எம்மிடம் மோட்டார் காரைப் பற்றி அபிப்பிராயம் கேட்பது வியப்பாக இருக்கலாம். ஆயினும் வன்னியிலே ஆசிரியன் என்பவன் காணி உறுதி முதற்கொண்டு கல்யாணப் பொருத்தம் வரை எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் சொல்லக் கடமைப்பட்டவன். அன்றியும் எம் தந்தையார் வாடகைக் கார் ஓட்டியவர். ஆகவே இவ்விஷயத்தில் எமக்குச் சிறிது பாத்தியதை உண்டு.

மருமகன் உழைப்பாளி. இரண்டு பெக்கோ இயந்திரங்களும் ஒரு ரிப்பரும் வைத்துக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வாடகைக்கு விடுகிறான். பழைய காருக்கு வேண்டிய பணம் ஏறக்குறைய அவன் கையில் இருக்கிறது. புதியதென்றால் இயந்திரங்கள் மேல் கடன் எடுத்து, இரணைமடுக் குளத்தின் கீழ் எம் பாட்டனார் காடு வெட்டித் திருத்திய வயலையும் ஈடு வைக்க வேண்டும். அவ்வயல் இப்போது எம் தமக்கையாரின் பெயரில் இருக்கிறது. அவர் பேசாதிருந்தார். தமக்கையார் பேசாதிருப்பதன் பொருள் எமக்குத் தெரியும்.

முதலில் விலையைப் பார்ப்போம். உலகத்தின் பிற பாகங்களில் புதிய சொகுசுக் கார் ஒன்றை வாங்குபவர் முதல் மூன்று நான்கு வருடங்களில் அதன் விலையிற் பெரும் பங்கை இழந்துவிடுவார். அந்த நட்டத்தை முதலாமவர் தாங்கிக்கொள்ள, இரண்டாமவர் மலிவாக அனுபவிப்பார். பழைய கார் வாங்குவதன் சூட்சுமம் அதுவே. இலங்கையிலோ இக்கணக்குத் தலைகீழாயிற்று. 2020 மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் ரூபாவின் மதிப்பும் வீழ்ந்தது. புதிய வாகனம் வாரா நாட்டில் பழைய வாகனம் ராசாவாயிற்று. பல வருடம் ஓடித் தேய்ந்த காரை, வாங்கிய விலையிலும் கூடிய விலைக்கு விற்றவர்களை எமது ஊரிலேயே கண்டோம். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி 1ஆம் தேதிதான் மீண்டும் கதவு திறந்தது. திறந்தபோதும் வாசலிலே வரி நின்றது. சுங்கத் தீர்வை, அதன் மேல் மேலதிகத் தீர்வை, எஞ்சினின் கொள்ளளவுக்குத் தக்க உற்பத்தி வரி, குறித்த பெறுமதிக்கு மேற்பட்டதற்குச் சொகுசு வரி, இவற்றிற் பலவற்றையும் கூட்டி அதன் மேல் நூற்றுக்கு 18 வீதம் பெறுமதி சேர் வரி. வரிக்கு வரி கட்டும் வித்தையை நாம் இங்கேதான் கற்றோம். ஆகவே புதிய காருக்குக் கொடுக்கும் பணத்திற் பெரும் பகுதி காருக்கன்று, திறைசேரிக்கே போகிறது. கார் பழுதானால் திறைசேரி வந்து தள்ளிவிடப் போவதில்லை.

வரி செய்த இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். மருமகன் காட்டிய பழைய கார் 318ஐ என்னும் மாதிரி. பார்த்தால் பந்தயக் குதிரை போல நிற்கிறது. மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது 1,499 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் எஞ்சின், 136 குதிரைவலு. 1,500ஐத் தாண்டினால் வரி ஏறுமென்பதால் இத்தகைய சிறிய எஞ்சினுள்ள பெரிய கார்கள் இந்நாட்டில் மிகுதியாக விலைப்பட்டன. அதனைக் குறையென்று சொல்லமாட்டோம். நகரத்துக்கு வெளியே காருக்கு விதித்த வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். அதிவேகப் பாதையிலே 100. அப்பாதையோ வன்னியை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. ஏ 9 வீதியிலே மாலை ஐந்து மணிக்கு மேய்ச்சலிலிருந்து திரும்பும் மாடுகளுக்கு முன்னால் நானூறு குதிரையும் ஒன்றுதான், நாற்பது குதிரையும் ஒன்றுதான்.

"வேகத்துக்காக இல்லை மாமா, ஒரு மரியாதைக்காக" என்றான் மருமகன். அதிலே நியாயமில்லையென்று நாம் சொல்லத் துணியவில்லை. கூடாரத்திலே வளர்ந்த பிள்ளைக்கு ஒரு நல்ல பொருளில் ஆசை எழுவது பாவமா?

ஆனால் மரியாதைக்கும் ரயர் வேண்டும். இவ்வகைக் கார்களிற் பெரும்பாலானவை மேலதிகச் சக்கரம் இல்லாமல் வருகின்றன. காற்றுப் போனாலும் மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேற்படாத வேகத்தில் ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தூரம் ஓடக்கூடிய தடித்த ரயர் பூட்டியிருக்கும். ஜெர்மனியிலே அத்தூரத்துக்குள் எத்தனையோ கராச்சுகள் இருக்கும். கிளிநொச்சியிலிருந்து அவ்வளவு தூரம் போனால் வவுனியாவை ஒருவாறு எட்டலாம். அங்கே அந்த அளவு ரயர் இருந்தால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கலாம். இல்லையேல் கொழும்பு. காருக்கும் நிலத்துக்கும் உள்ள இடைவெளி ஒரு சாணுக்கும் குறைவு. மாரி காலத்துக் கிறவல் தெருவிலே அடிப்பாகம் எதையெதையெல்லாம் முத்தமிடும் என்பதையும் எண்ண வேண்டும்.

புதிய காரின் பெரிய நன்மை உத்தரவாதம். குறித்த வருடங்களுக்குள் பழுது வந்தால் முகவரே பார்ப்பார். ஆனால் முகவர் இருப்பது முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால். பழைய காரில் அந்த உத்தரவாதம் முடிந்திருக்கும். எட்டு வயதுக்குப் பின் எமது வெயிலிலே இறப்பர் வளையங்கள் இறுகி எண்ணெய் கசியத் தொடங்கும், குளிராக்கும் தொகுதியின் பிளாஸ்ரிக் பாகங்கள் வெடிக்கும். ஆகவே பழையதை வாங்குபவர் விலையை மட்டும் எண்ணிக்கொண்டு போகக்கூடாது. கையிலே இன்னொரு பங்கு பணம் திருத்தத்துக்கென்று தனியே இருக்கவேண்டும். அப்பணம் இல்லாதவர் அக்காரை வாங்கவே கூடாதென்பது எமது துணிபு.

பழைய கார் விஷயத்தில் எமக்கு நேர்ந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். 2012இல் ஒரு சிறிய ஜப்பானியக் கார் வாங்கினோம். ஓடிய தூரம் காட்டும் மானியில் 48,000 என்றிருந்தது. மிதிகட்டையின் இறப்பரோ இரண்டு இலட்சம் ஓடியது போல் தேய்ந்து வழுக்கியது. சரித்திர ஆசிரியனாகிய நாம் சான்றுகளை ஒப்பு நோக்கத் தவறினோம்! விற்றவர் கையொப்பமிட்ட தாள்களைத் தந்து, "பெயர் மாற்றத்தைப் பிறகு செய்யுங்கோ சேர்" என்றார். நாமும் பிறகு, பிறகு என்றிருந்தோம். ஆறு மாதத்தின் பின் ஒரு நிதி நிறுவனத்தின் ஆள் வாசலில் வந்து நின்றார். பதிவுப் புத்தகத்தின் பிரதியொன்றைக் காட்டினார். காரின் முழு உரித்து இன்னும் அவர்களுடையதாம். கடன் தீரவில்லையாம். எமது கையில் இருந்ததோ மோசடிப் பிரதி. மனைவியாரின் சங்கிலி அடகுக்குப் போய்த்தான் கார் எமக்காயிற்று. அதுபற்றி அவர் இன்றளவும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கார் என்ற பேச்செழுந்தால் கழுத்தைத் தடவிக்கொள்வார், அவ்வளவுதான்.

ஆகவே மருமகனுக்கு நாம் சொன்னது இது. காரின் அழகைப் பார்க்குமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலே அதன் பதிவை நேரே பார். கடன் நிலுவை உண்டா, எத்தனை கை மாறிற்று, அடிச்சட்டத்திலும் எஞ்சினிலும் பொறித்த இலக்கங்கள் புத்தகத்தோடு ஒத்துள்ளனவா என்று பார். களவாக இறக்கிப் பொய் இலக்கத்தோடு பதிந்த சொகுசுக் கார்கள் நீதிமன்றம் வரை போன செய்திகள் பத்திரிகையில் வரத்தான் செய்கின்றன. முகவரிடம் பராமரித்த பதிவேட்டைக் கேள். மானியிலுள்ள தூரத்தைத் திருத்தலாம், பன்னிரண்டு பற்றுச்சீட்டுகளில் எழுதிய தூரத்தைத் திருத்துவது கடினம். விற்பவருக்கு உறவில்லாத ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போ. காலையிலே, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போ. சூடாக்கி வைத்துக் காத்திருப்பவன் எதையோ மறைக்கிறான்.

இவ்வளவையும் எம் தாயார் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். எண்பதைக் கடந்தவர். மெல்ல எழுந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்.

"அது மண்ணெண்ணெயிலை ஓடுமோ ராசா?"

மருமகன் சிரித்தான். எமக்குச் சிரிப்பு வரவில்லை. காரணத்தை இளைய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும்.

எம் தந்தையாரின் கார் ஒஸ்ரின் ஏ 40 சமர்செற். 1952க்கும் 1954க்கும் இடையில் இங்கிலாந்திலே செய்யப்பட்டது. 1990இன் பின் வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. கிடைத்த சொற்பமும் போத்தற் கணக்கில் பவுன் விலைக்கு விற்றது. அப்போது இந்தக் கிழட்டுக் கார்கள் தாம் ஊரைக் காப்பாற்றின. வைத்தியசாலையில் எறிந்த சேலைன் போத்தலிலே சிறிது பெற்றோல் விட்டு, அதன் குழாயைக் காபரேற்றருக்குக் கொடுத்து, சில துளியில் எஞ்சினைக் கிளப்புவார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. சூடேறிவிட்டால் இருமி, முனகி, வெண்புகை கக்கி ஓடும். உள்ளே இருப்பவர்க்குக் கண் எரியும். ஆனால் ஓடும். இன்றைய கார்களில் எரிபொருளை அளந்து பீச்சும் நுண்ணிய கருவிகளுக்கு இந்த உபசாரம் ஆகாது.

1996இல் கிளிநொச்சியை விட்டு எல்லோரும் பெயர்ந்தபோது நாம் ஸ்கந்தபுரத்தில் ஒரு கொட்டிலில் இருந்தோம். எமக்குப் பதினாறு வயது. அவ்வருடம் மார்கழி மாதம், மழை ஓயாத ஓரிரவில் தமக்கையாருக்குப் பிரசவ வேதனை தொடங்கிச் சிக்கலாயிற்று. மல்லாவி வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். தந்தையார் வைத்திருந்த பெற்றோல் ஒரு முறை கிளப்பத்தான் காணும். வழியில் எஞ்சின் நின்றால் மறுபடி கிளப்ப ஒரு துளியும் இல்லை. வெள்ளம் ஏறிய இடங்களில் நாம் இறங்கி முன்னே நடந்து, காலால் ஆழம் பார்த்து வழி காட்டினோம். தந்தையார் எஞ்சினை நிற்கவிடாமல் முறுக்கிக்கொண்டே வந்தார். தாயார் பின்னிருக்கையில் தமக்கையாரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கந்தனை அழைத்தபடி இருந்தார். விடியுமுன் போய்ச் சேர்ந்தோம். அன்று பிறந்தவன்தான் கைத்தொலைபேசியில் கார் காட்டிய இந்த மருமகன்.

அந்த ஒஸ்ரின் 2009இல் மாத்தளன் வரை எம்மோடு வந்தது. அதற்கப்பால் வரவில்லை. போர் முடிந்த பின் அப்பக்கம் துருப்பிடித்துக் குவிந்து கிடந்த வாகனங்களுக்கிடையே தந்தையார் இரண்டு முறை தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. அதன் பிறகு அவர் வேறு கார் ஓட்டவுமில்லை.

"ஓடாது அம்மம்மா" என்றான் மருமகன். "இப்ப பெற்றோல் எங்கையும் இருக்குத்தானே."

"2022இலை இருந்ததோ?" என்றார் தாயார்.

அவன் வாய் திறக்கவில்லை. அவ்வருடம் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று அளந்து கொடுத்த நாட்களில் அவனுடைய ரிப்பர் எண்ணெய் வரிசையிலே படுத்த படுக்கையாகக் கிடந்ததை அவன் மறந்திருக்கமாட்டான்.

முடிவு இப்போதைக்கு இவ்வளவில் நிற்கிறது. வெள்ளைக் கார் போயிற்று. வயலை ஈடு வைக்கும் பேச்சும் போயிற்று. அதைக் கேட்ட பின்தான் தமக்கையார் எழுந்து தேநீர் போட்டார். கருநீலக் காரைப் பார்க்க வருகிற சனிக்கிழமை இரவுப் பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறோம். பரந்தனில் கராச்சு வைத்திருக்கும் எம் பழைய மாணவர் ஒருவரும் கூட வருகிறார். காலை ஏழு மணிக்கு முன் எஞ்சினைத் தொடவேண்டாமென்று விற்பவருக்குச் சொல்லியாயிற்று. பதிவுப் புத்தகத்தின் மூலப் பிரதியையும் கேட்டிருக்கிறோம். அவர் இன்னும் மறுமொழி அனுப்பவில்லை.