உயர்தரப் பௌதிகவியல் மாணவர்களுக்குச் செய்முறைப் பயிற்சி கோரும் மனு

பெறுநர்: மாகாணக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்
பிரதி: வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்
அனுப்புநர்: மலையகத் தமிழ்மொழிமூல உயர்தர மாணவர்களின் பெற்றோரும் ஆசிரியரும் இணைந்த சங்கம்

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

எமது பிள்ளைகள் பலர் தரம் 12, 13 இரண்டையும் முடித்து, அழுத்தமானியின் சுற்றுப்படத்தை மனப்பாடமாக வரையக் கற்றுக்கொண்டு பரீட்சை மண்டபத்துக்குப் போகிறார்கள். அந்தக் கருவியை ஒருநாளும் கையால் தொட்டதில்லை. இந்நிலையை மாற்றித் தருமாறு கேட்டே இம்மனுவைத் தங்களிடம் சமர்ப்பிக்கிறோம்.

க.பொ.த. உயர்தரப் பௌதிகவியலுக்குத் தனியாகச் செய்முறைப் பரீட்சை இல்லை. ஆகவே செய்முறை இல்லாமலே சமாளித்துவிடலாம் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. வினாத்தாளோ அப்படி அமைவதில்லை. முதலாம் தாளில் 50 பல்தேர்வு வினாக்கள்; இரண்டாம் தாளின் முதற்பகுதியில் நான்கு அமைப்புக் கட்டுரை வினாக்கள், நான்கும் கட்டாயம். அங்கே வருபவை ஆய்வுகூடத்தில் நின்று பழகியவருக்கே இயல்பாக விடை தோன்றும் கேள்விகள். தொடுசாவியைக் கம்பியின் மீது இழுக்காமல் தொட்டுத் தொட்டு எடுப்பது ஏன்? சமநிலைப் புள்ளியை அண்மிக்கும்வரை கல்வனோமானியோடு உயர் தடையொன்றைத் தொடுப்பது ஏன்? கம்பி சுரண்டப்பட்டால் அதன் தடிப்பு எங்கும் ஒரே சீராக இராது, பிறகு நீளத்தைக் கொண்டு அழுத்த வித்தியாசத்தைக் கணிக்க முடியாது என்று குறிப்பில் எழுதியிருக்கிறது. முள் இருபுறமும் சாய்ந்து நடுவில் நிற்பதைக் கண்ட பிள்ளை அதை விளங்கிக்கொள்கிறது. காணாத பிள்ளை வரியைப் பாடமாக்குகிறது. வினா சற்றுத் திரும்பினால் தடுமாறுகிறது. திருசியமானி, நகரும் நுணுக்குக்காட்டி, பரிவுக் குழாய் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

எமது பகுதியில் சில பாடசாலைகளில் ஆய்வுகூடம் உண்டு, உதவியாளர் இல்லை. வேறு சிலவற்றில் கருவிகள் வந்தும் அலுமாரியில் பூட்டிக் கிடக்கின்றன. உடைந்தால் இருப்புப் பதிவேட்டுக்கு யார் பதில் சொல்வது என்ற ஆசிரியர்களின் அச்சமே இதற்குக் காரணம். அந்த ஆசிரியர்களை நாம் குறை கூறவில்லை. பௌதிகவியல் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றால் அடுத்தவர் வரும்வரை பாடவேளை வெறுமையாகக் கழிகிறது. கொழுந்து பறித்து வாழும் குடும்பம், பிள்ளையைத் தனியார் வகுப்புக்கு அனுப்பக் கடன் வாங்குகிறது.

கற்பதற்கு எமது மண்ணில் என்ன குறை? நுவரெலியா நகர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நீர் 100 பாகையில் அல்ல, 94 பாகை செல்சியசை ஒட்டியே கொதிக்கிறது. ஒரு வெப்பமானி இருந்தால் வளிமண்டல அமுக்கத்தைப் பற்றிய பாடத்தை அப்பிள்ளைகள் தம் கண்ணாலேயே பார்க்கலாம். காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களின் நீர் மின்சாரமாவதை அருகிலிருந்து அறிந்த பிள்ளைகள், அழுத்த சக்தியைத் தாளில் மட்டும் படிப்பது எமக்குப் பெரும் வேதனை.

ஆகவே நாம் கேட்பவை இவை. உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள எமது பாடசாலை ஒவ்வொன்றுக்கும் ஆய்வுகூட உதவியாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். அது உடனே இயலாதெனில், அயல் பாடசாலைகள் முறைவைத்துப் பயன்படுத்தும் பொது ஆய்வுகூடம் ஒன்றை வலயத்தில் திறந்து, போக்குவரத்துச் செலவையும் ஏற்க வேண்டும். பதிலாள் கடமையேற்கும் முன் பௌதிகவியல் ஆசிரியரை விடுவிக்கக் கூடாது. செய்முறைப் பாடவேளை நேரசூசியில் எழுத்தளவில் நில்லாது நடைபெறுவதைப் பாட ஆலோசகர்கள் நேரில் வந்து உறுதிசெய்ய வேண்டும்.

எல்லாவற்றிலும் முதன்மையாக, கற்பிக்கும்போது கருவி உடைந்தால் ஆசிரியர் மீது பொறுப்புச் சுமத்தாமல் அதைப் பதிவிலிருந்து நீக்க எளிய நடைமுறையொன்றைச் சுற்றறிக்கை மூலம் அறிவிக்குமாறு கேட்கிறோம். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை, அலுமாரிகள் திறந்துவிடும்.

அடுத்த தரம் 12 வகுப்புகள் தொடங்குமுன் எமது பாடசாலைகளின் ஆய்வுகூடங்களைத் தாங்கள் நேரில் வந்து பார்வையிட்டு, எமது பிரதிநிதிகளுடன் பேசி, எழுத்தில் பதில் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்