மோதுவதா, சறுக்குவதா? குவாட்டர்பேக்கின் அரை விநாடி முடிவும் அதன் விலையும்

2024 செப்டம்பர் 12. அமெரிக்க கால்பந்து லீக்கான என்.எஃப்.எல் சீசனின் இரண்டாவது வாரம். பஃபலோ பில்ஸ் அணியிடம் மயாமி டால்ஃபின்ஸ் 10-31 எனப் பின்தங்கியிருந்தது. டால்ஃபின்ஸின் குவாட்டர்பேக் டுவா டாகோவைலோவா பந்தை எடுத்துக்கொண்டு தானே ஓடினார். எதிரே தடுப்பாட்டக்காரர் டமார் ஹாம்லின். கால்களை முன்னால் நீட்டிச் சறுக்கி உட்கார்ந்திருந்தால், விதிப்படி டுவாவை யாரும் இடிக்க முடியாது. அவர் சறுக்கவில்லை. குனிந்து மோதினார்.

விளைவு, கன்கஷன் எனப்படும் மூளை அதிர்ச்சிக் காயம். அடுத்த 4 ஆட்டங்களில் டுவா இல்லை. அதில் மூன்றில் டால்ஃபின்ஸ் தோற்றது. இத்தனைக்கும் 4 ஆண்டுகளுக்கு 21.24 கோடி டாலர் ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

அவ்வளவு பணம் கொடுத்து வைத்திருக்கும் ஒருவர் உடம்பைக் கொடுத்து மோதலாமா? அமெரிக்க கால்பந்தில் பல வருடங்களாக ஓடும் விவாதம் இது.

குவாட்டர்பேக் ஏன் இவ்வளவு முக்கியம்?

இந்த ஆட்டத்தில் 4 முயற்சிகளுக்குள் பந்தை 10 யார்டு முன்னே கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு முயற்சியும் ஒரு 'டவுன்'. கிட்டத்தட்ட எல்லா முயற்சியிலும் பந்து முதலில் வருவது குவாட்டர்பேக் கைக்குத்தான். எறிவதா, இன்னொருவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்பதைச் சில விநாடிகளில் அவர் முடிவு செய்ய வேண்டும்.

மற்ற இடங்களில் ஒருவர் அடிபட்டால் மாற்று ஆளை வைத்துச் சமாளிக்கலாம். குவாட்டர்பேக் அடிபட்டால் பல அணிகளுக்கு அந்த சீசனே போச்சு. அதனால்தான் பயிற்சியின்போது அவருக்கு வேறு நிற ஜெர்சி; சக வீரர்கள் அவரை இடிக்கக் கூடாது. இதில் ஒரு முரண் இருக்கிறது. வாரம் முழுக்க யாரும் தொடாத ஆள், ஆட்ட நாளில் 100 கிலோவுக்கு மேல் எடையுள்ளவர்களை எதிர்கொள்கிறார்.

அப்புறம் ஏன் ஓட வேண்டும்?

கணக்கு சிம்பிள். இரு பக்கமும் 11 பேர். குவாட்டர்பேக் பந்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கினால், தாக்கும் அணியில் வேலை செய்வது 10 பேர்தான். தடுக்கும் பக்கம் 11 பேர். குவாட்டர்பேக்கும் ஓடுவார் என்றால் அந்தக் கூடுதல் ஆள் காணாமல் போய்விடுகிறார். தடுப்பவர்கள் எறிதலையும் பார்க்கணும், ஓட்டத்தையும் பார்க்கணும்.

பால்டிமோர் ரேவன்ஸின் லாமர் ஜாக்சன் 2019 சீசனில் 1,206 யார்டு ஓடி, லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கினார். பில்ஸ் அணியின் ஜாஷ் ஆலன் சுமார் 196 செ.மீ உயரம், 107 கிலோ எடை. தேவைப்பட்டால் தடுப்பவரை முட்டித் தள்ளிவிட்டுப் போவார். 2024 சீசனில் அதே விருது அவருக்கு. மோதி ஆடுவது அவர்களின் ஆட்டத்தில் ஒட்டவைத்த சாகசம் கிடையாது. அதை எடுத்துவிட்டால் அவர்கள் வேறு வீரர்கள்.

பாக்கெட்டுக்குள் நின்றால் பாதுகாப்பா?

குவாட்டர்பேக்கைச் சுற்றி சக வீரர்கள் அமைக்கும் பாதுகாப்பு வளையம்தான் 'பாக்கெட்'. ஓடாமல் அதற்குள்ளேயே நின்று எறிந்தால் காயமே வராது என்று பலர் நினைக்கிறார்கள். பெரிய காயங்களின் பட்டியல் வேறு கதை சொல்கிறது.

2008 சீசனின் முதல் ஆட்டத்தில் டாம் பிரேடியின் முழங்கால் தசைநார் கிழிந்தது பாக்கெட்டுக்குள் நின்று எறிந்தபோது. 2018-ல் அலெக்ஸ் ஸ்மித்தின் கால் முறிந்து, 17 அறுவை சிகிச்சைகள் வரை போனதும் தடுப்பவர்கள் பின்னால் மடக்கிப் பிடித்தபோதுதான். 2023-ல் நியூயார்க் ஜெட்ஸுக்காகக் களமிறங்கிய ஆரோன் ராட்ஜர்ஸ் நான்காவது முயற்சியிலேயே குதிகால் தசைநார் கிழிந்து வெளியேறினார். ஓட்டத்துக்குப் பெயர்போன லாமர் ஜாக்சனின் 2022 முழங்கால் காயமும் அப்படி மடக்கப்பட்டபோது வந்ததே.

நின்று எறிபவருக்குப் பார்வை தூரத்தில் இருக்கும். பக்கவாட்டிலிருந்து வரும் அடி தெரியாது. ஓடுபவர் எதிரில் வருபவரைப் பார்க்கிறார். எங்கே விழலாம் என்று தேர்ந்தெடுக்க முடியும். ஆனால், பாக்கெட்டைத் தாண்டி ஓடத் தொடங்கினால் எறிபவருக்கான சிறப்புப் பாதுகாப்பு விதிகளில் பெரும்பாலானவை அவருக்குக் கிடையாது. மிச்சமிருக்கும் பெரிய கவசம் சறுக்கல் மட்டும்தான்.

சறுக்கலும் தாமதமானால் ஆபத்து. 2024 டிசம்பரில் ஜாக்சன்வில் குவாட்டர்பேக் டிரெவர் லாரன்ஸ் சறுக்கும்போது ஹூஸ்டனின் அஸீஸ் அல்-ஷாயிர் இடித்ததில் அவருக்குக் கன்கஷன். இடித்தவருக்கு 3 ஆட்டங்கள் தடை.

ஒரே மோதல், வேறு வேறு விலை

1998 ஜனவரி, சூப்பர் பவுல் இறுதிப்போட்டி. டென்வர் அணியின் ஜான் எல்வேக்கு அப்போது வயது 37. அதற்கு முன் மூன்று இறுதிப்போட்டிகளில் தோற்றவர். ஸ்கோர் 17-17. மூன்றாவது டவுனில் பந்துடன் பாய்ந்தவரை இரு பக்கமும் இடித்ததில், அந்தரத்தில் சுழன்று விழுந்தார். 8 யார்டு கிடைத்தது. அடுத்து டச் டவுன், கடைசியில் 31-24 வெற்றி. அன்று அவர் சறுக்கியிருந்தால் யாரும் பாராட்டியிருக்க மாட்டார்கள்.

டுவாவின் மோதலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதுவும் நான்காவது டவுன். எனவே ஓடியதில் தப்பில்லை. ஆனால் அணி 21 புள்ளி பின்னால். சீசனில் இன்னும் 15 ஆட்டங்கள் பாக்கி. சறுக்கிப் பந்தை இழந்திருந்தாலும் போயிருப்பது அந்த ஒரு ஆட்டம்தான். அதோடு, 2022-லேயே அவர் கன்கஷன் காரணமாக ஸ்ட்ரெச்சரில் போனவர். 2023 சீசனுக்கு முன் ஜுஜுட்சு பயிற்சி எடுத்து, தலையில் அடிபடாமல் விழுவது எப்படி என்று கற்றுக்கொண்டார். அந்த வருடம் 17 ஆட்டங்களிலும் ஆடி, லீக்கிலேயே அதிக யார்டு எறிந்தவரும் அவர்தான். விழத் தெரிந்தவருக்கே அந்த அரை விநாடியில் மோதத்தான் தோன்றியது.

கடைசியில் யார் கொடுக்கிறார்?

அணிக்கு இழப்பு ஒரு சீசன். வீரருக்கு அப்படி இல்லை. இண்டியானாபோலிஸின் ஆண்ட்ரூ லக் 2015-ல் ஓடும்போது அடிபட்டு, சிறுநீரகத்தில் கிழிசல் ஏற்பட்டது. தோள்பட்டைக் காயத்தால் 2017 சீசன் முழுக்க ஆடவில்லை. காயம், வலி, சிகிச்சை என்ற சுழற்சியால் ஆட்டத்தின் மகிழ்ச்சியே போய்விட்டதாகச் சொல்லி, 2019-ல் 29 வயதில் ஓய்வு பெற்றார்.

தலைக்காயம் இதைவிட மோசம். திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சி.டி.இ என்ற மூளைச் சிதைவு நோயை, இறந்த பிறகு மூளையை ஆய்வு செய்துதான் இன்றும் உறுதிப்படுத்த முடிகிறது. முழங்காலுக்கு அறுவை சிகிச்சை உண்டு. மூளைக்கு மாற்று இல்லை.

அப்போ என்னதான் வழி?

'ஓடவே கூடாது' என்பது சரியான பதில் இல்லை, ஓடாதவர்களும் அடிபடுகிறார்கள். 'வீரம்னா மோதணும்' என்பதும் சரியில்லை. ஓட்டம் ஆட்டத்தின் பகுதி. ஓட்டத்தின் முடிவில், இன்னும் அரை யார்டுக்காக வாங்கும் அடியைத்தான் எடைபோட வேண்டும். ஸ்கோர் என்ன, எத்தனையாவது டவுன், சீசனில் எந்த வாரம் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் ஓடுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அதை குவாட்டர்பேக்கின் அரை விநாடிக்கு மட்டும் விட்டுவிடுவது நியாயமில்லை. துணிச்சலாக மோதுபவருக்குக் கைதட்டி, சறுக்குபவரைப் பார்த்து முகம் சுளிக்கும் டிரெஸ்ஸிங் ரூமில் யாரும் சறுக்கக் கற்றுக்கொள்ள மாட்டார்கள். எந்தச் சூழலில் சறுக்கியே ஆக வேண்டும் என்பதை, எறிதலைப் பழக்குவது போலவே, வாரம் முழுக்கப் பழக்க வேண்டியது பயிற்சியாளரின் வேலை.